ஒரே புரோகிராம், ஒரே டியூப்: மூன்றாவது வளைவின் கோணம் மட்டும் ஏன் நிலைகொள்ளவில்லை?

துவாஸ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் சிஎன்சி டியூப் பெண்டிங் (கணினிக் கட்டுப்பாட்டில் டியூப் வளைக்கும்) பிரிவை நான் கவனித்து வருகிறேன். எங்கள் இயந்திரத்தில் வளைக்கும் கை செர்வோ மோட்டாரிலும், டியூபின் முன்பகுதியை இறுகப் பிடிக்கும் கிளாம்ப் டையும் பின்பகுதியை அழுத்தித் தாங்கும் பிரஷர் டையும் ஹைட்ராலிக்கிலும் இயங்குகின்றன. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை 316 எல் வகை ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்த சீம்லெஸ் (மூட்டில்லாத) டியூப், வெளிவிட்டம் 25.4 மிமீ, சுவர்த்தடிமன் 1.65 மிமீ, மையக்கோட்டு ஆரம் 50.8 மிமீ. ஒரு துண்டுக்கு மூன்று வளைவுகள்: 90, 30, மீண்டும் 90 பாகை. வரைபடம் ஒவ்வொரு கோணத்துக்கும் கூட்டியோ குறைத்தோ 0.5 பாகையை மட்டுமே அனுமதிக்கிறது.

சிக்கல் இதுதான். ஒரே புரோகிராமில் அடுத்தடுத்து வளைத்த துண்டுகளில் கடைசி 90 பாகை வளைவு ஒன்றில் 88.9 ஆகவும், அடுத்ததில் 90.4 ஆகவும் வருகிறது. கடைசிக் கால் 640 மிமீ நீளமுடையது. ஒரு பாகை பிசகினாலே அதன் முனை 11 மிமீக்கு மேல் விலகிவிடுவதால், ஃபிளேஞ்சைப் பொருத்தும்போது வெல்டர்கள் டியூபை இழுத்துப் பிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. காலை ஷிஃப்டில் ஓரளவு சரியாகவும், மதியத்துக்குப் பிறகு மோசமாகவும் இருப்பதாக ஆபரேட்டர்கள் சொல்கிறார்கள். கோணம் குறைந்தால் ஸ்பிரிங்பேக் அளவை (விசையை விட்டதும் டியூப் சற்று மீண்டு விரிவதை ஈடுகட்டக் கூடுதலாக வளைக்கும் அளவை) ஏற்றுவதும், கூடினால் இறக்குவதுமாக ஒவ்வொருவரும் தத்தம் கணக்குப்படி திருத்திக்கொண்டே வருகிறார்கள். இயந்திரம் விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் வந்து கையின் நிலைத்துல்லியத்தைச் சோதித்துவிட்டு, 0.1 பாகைக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

அளவுமேசை

தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி: இந்த 88.9, 90.4 என்ற எண்கள் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டவை? டிஜிட்டல் கோணமானியை டியூபின் மேல் வைத்து எடுத்தவை என்றால், இரண்டாவது வளைவுக்கும் மூன்றாவது வளைவுக்கும் இடையிலுள்ள நேர்ப்பகுதியின் நீளம் எவ்வளவு?

---

துவாஸ்வாசி

கோணமானியில் எடுத்தவைதான் ஐயா. இடையிலுள்ள நேர்ப்பகுதி 38 மிமீ.

---

அளவுமேசை

அப்படியானால் உங்கள் எண்களில் ஒரு பகுதி டியூபுக்கு உரியதன்று, அளவெடுப்புக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 மிமீ நீளத்தில் கோணமானியின் ஒரு முனை 0.2 மிமீ தூக்கி நின்றாலே 0.3 பாகை பிழை வந்துவிடும். வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் டியூப் சற்று நீள்வட்டமாக இருக்கும். கிளாம்ப் பிடித்த தடமும் அங்கேயே இருக்கும். இவ்வளவு குறுகிய இடத்தில் அந்த 0.2 மிமீயைத் தவிர்ப்பது கடினம். 0.5 பாகை வரம்பில் 0.3 பாகையைக் கருவியே விழுங்கிவிட்டால், மிச்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எதை முடிவு செய்வீர்கள்?

ஒரே துண்டை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், பலமுறை அளந்து பாருங்கள். அளவெடுப்பின் சிதறல் வரம்பின் அகலத்தில் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவியை நம்பலாம். முப்பதைத் தாண்டினால் அந்த எண்களைக் கொண்டு இயந்திரத்தைத் திருத்தவே கூடாது. கையளவை இயந்திரமோ (மூட்டுகள் உள்ள இயந்திரக் கையால் அளக்கும் கருவி) ஒளியியல் டியூப் அளவீட்டுக் கருவியோ உங்களிடம் இருந்தால், அது டியூபின் மையக்கோட்டைக் கணக்கிட்டுக் கோணத்தைத் தருவதால் மேற்பரப்பின் மேடுபள்ளம் அவ்வளவாகப் பாதிக்காது. இல்லையென்றால், அதே டைகளைக் கொண்டு, இருபுறமும் 200 மிமீ நேர்ப்பகுதி விட்டு, ஒற்றை 90 பாகை வளைவு மட்டும் உள்ள சோதனைத் துண்டுகளைச் செய்யுங்கள். 200 மிமீயில் அதே 0.2 மிமீ தூக்கல் 0.06 பாகைக்கும் குறைவாகவே பிழை தரும்.

இன்னொன்று: டியூபை மேசையில் வைத்து அளக்கும்போது அதன் எடையால் நீண்ட கால் தொங்காதபடி தாங்கு கட்டைகள் வையுங்கள். கையால் அழுத்திப் பிடித்து அளந்தால், நீங்கள் விரும்பும் கோணத்தை டியூப் உங்களுக்குக் காட்டிவிடும்.

---

ஜூகூன்காரன்

எங்கள் பட்டறையிலும் மதியத்தில்தான் இது நடக்கும். தகரக் கூரைக்குக் கீழே பிற்பகலில் இருக்கும் சூட்டில் எஃகு விரிவடைகிறது. கோணம் மாறாமல் என்ன செய்யும்? மின்விசிறியை இயந்திரத்தின் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

---

பழையபெண்டர்

ஜூகூன்காரன் தம்பி சொல்வதை நான் பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பொருள் சீராகச் சூடாகும்போது அதன் நீளங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் கூடுமே தவிரக் கோணங்கள் மாறா. இரண்டு மீட்டர் ஸ்டெயின்லெஸ் டியூப் பத்துப் பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 0.3 மிமீ நீளும். அதன் 90 பாகை வளைவு 90 பாகையாகவே இருக்கும். சூடு கோணத்தைத் தொடுவது வேறு வழியில்: ஹைட்ராலிக் எண்ணெய் சூடாகும்போது இளகுகிறது, வால்வுகளிலும் சீல்களிலும் கசிவு கூடுகிறது, பிரஷர் டை டியூபின் மேல் செலுத்தும் விசை காலையில் இருந்தது போல மதியத்தில் இருப்பதில்லை. பிரஷர் டையின் விசை குறைந்தால் டியூப் குறைவான இழுவிசையோடு வளைகிறது. இழுவிசை குறைந்தால் ஸ்பிரிங்பேக் கூடும். எனவே மின்விசிறியை விட, வேலை நடக்கும்போது பிரஷர் டையின் அழுத்தமானியைக் காலையிலும் மதியத்திலும் படித்து எழுதுவதே பயன் தரும். எண்ணெய் குளிராக இருக்கும்போது முதல் துண்டை வளைத்து அதற்குத் தகுந்தபடி ஸ்பிரிங்பேக்கை அமைப்பதையும் விட்டுவிடுங்கள். இயந்திரத்தை வெறுமனே ஓட்டிச் சூடேற்றிய பிறகு தொடங்குங்கள்.

ஆனால் துவாஸ்வாசி எழுதியதில் என் கண்ணில் பட்டது சூடு அன்று. ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு திருத்துகிறார்கள் என்ற அந்த ஒரு வரிதான்.

தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தம் பயிற்சி வகுப்புகளில் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதைச் செய்து காட்டுவார். புனலை அசைக்காமல் குண்டை விட்டால், அது இலக்கைச் சுற்றி ஓரளவு சிதறி விழும். ஒவ்வொரு முறையும் குண்டு விலகி விழுந்த தூரத்துக்கு ஏற்பப் புனலை எதிர்ப்புறம் நகர்த்திக்கொண்டே போனால் சிதறலின் மாறளவு இரட்டிப்பாகும். அதாவது பரவல் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அகலமாகும். தற்செயலான சிதறலுக்குத் திருத்தம் செய்வது, குழந்தை தும்முகிற ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றுவது போன்றது. உங்கள் ஆபரேட்டர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த வேலையே 0.8 பாகைச் சிதறலை 1.1 பாகையாக ஆக்கிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே ஸ்பிரிங்பேக் அளவுகளைப் பூட்டிவிடுங்கள். கடவுச்சொல் போட்டாலும் சரி, தாளில் எழுதி ஒட்டினாலும் சரி, யாரும் தொடக்கூடாது. ஒரே ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்பதைக் காட்டும் எண்) உள்ள டியூப்களை மட்டும் எடுத்து ஒரு முழு ஷிஃப்டுக்கு வளையுங்கள். துண்டுகளில் வளைத்த வரிசைப்படி எண் எழுதி, மூன்று வளைவுகளின் கோணத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். சராசரியைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டாம், வரிசைதான் வேண்டும். எல்லா வளைவுகளும் ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால் அது பொருளின் பண்பு அல்லது எண்ணெயின் நிலை. கோணம் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் அதே விகிதத்தில் பெருகினால் ஸ்பிரிங்பேக் அட்டவணை தவறு. நேரத்தோடு ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் சூடு, தேய்மானம், தளர்ந்த இணைப்பு. ஒரு வளைவு மட்டும் முன்பின் ஒழுங்கின்றிக் குதித்தால், அந்த வளைவின்போது டியூபை எது பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

---

துவாஸ்வாசி

ஐயா சொன்னபடியே செய்தோம். மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, ஒரு ஷிஃப்ட் முழுவதும் ஸ்பிரிங்பேக்கை யாரும் தொடவில்லை. அளவெடுப்பைக் கோணமானியிலிருந்து கையளவை இயந்திரத்துக்கு மாற்றினோம்.

முதல் வளைவு தொடக்கம் முதல் இறுதி வரை 0.2 பாகைப் பரவலுக்குள் நின்றது. இரண்டாவது வளைவும் அப்படியே. மூன்றாவது மட்டும் 0.9 பாகை அகலத்தில் ஏறி இறங்குகிறது. அதிலும் கூடுவதை விடக் குறைவதே மிகுதி. நேரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. காலையிலும் குதித்தது, மாலையிலும் குதித்தது. பிரஷர் டையின் அழுத்தம் நாள் முழுவதும் பெரிதாக மாறவில்லை.

மறுநாள் வேறு ஹீட் நம்பர் டியூப்களைப் போட்டபோது, மூன்று வளைவுகளும் சேர்ந்து குறைந்தன. 90 பாகை வளைவுகளில் அந்தக் குறைவு ஏறக்குறைய 0.4. இரண்டு ஹீட்டுகளுக்கும் மில் சர்டிஃபிகேட் (ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்) இருக்கிறது, இரண்டும் தரத்துக்கு உட்பட்டவையே. ஒன்றின் விளைவு வலிமை (உலோகம் மீளாமல் உருமாறத் தொடங்கும் அளவு) 248 மெகாபாஸ்கல், மற்றதன் விளைவு வலிமை 309.

---

உலோகக்கிடங்கு

சர்டிஃபிகேட் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மூன்றாவது வளைவைக் கருவி தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

ஈஎன் 10204 இன் 3.1 வகைச் சான்றிதழ் அந்த ஹீட்டிலிருந்து எடுத்த மாதிரியின் வேதியியல், இயந்திரவியல் அளவுகளைத் தருகிறது. ஆனால் தரநிலைகள் பெரும்பாலும் விளைவு வலிமைக்குக் கீழ்வரம்பை மட்டுமே வைக்கின்றன. ஏஎஸ்டிஎம் ஏ213 தரநிலையில் 316 எல் டியூபுக்குக் குறைந்தது 170 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது, மேல்வரம்பு கிடையாது. மேலே இருப்பது கடினத்தன்மைக்கான 90 ராக்வெல் பி உச்சம் மட்டுமே. எனவே 248 உம் 309 உம் சட்டப்படி ஒரே பொருள்; வளைக்கிறவருக்கு அவை இரண்டு பொருள்கள். டியூப் இறுதியாக எவ்வளவு அனீல் செய்யப்பட்டது (சூடாக்கி மென்மையாக்கப்பட்டது), அதற்குப் பிறகு நேராக்கும் உருளைகளில் எவ்வளவு வேலை வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு வருகிறது.

ஸ்பிரிங்பேக்கின் அடிப்படை எளிது. வளைக்கும் விசையை விட்டவுடன் டியூபில் மீள்தன்மையோடு தேங்கியிருந்த பங்கு திரும்பி வருகிறது. அந்தப் பங்கு பொருளின் வலிமையை அதன் யங் குணகத்தால் (மீள்விறைப்பின் அளவால்) வகுத்த அளவையும், வளைவு ஆரத்தை வெளிவிட்டத்தால் வகுத்த அளவையும் ஒட்டி வளர்கிறது. யங் குணகம் ஹீட்டுக்கு ஹீட் மாறாது. ஸ்டெயின்லெஸுக்கு அது 193 கிகாபாஸ்கல் அளவில் நிற்கும். வலிமைதான் மாறுகிறது. வளையும்போதே உலோகம் கடினப்படுவதால், சான்றிதழில் தெரியும் 61 மெகாபாஸ்கல் வேறுபாடு முழுமையாகக் கோணத்தில் வராது. நீங்கள் கண்ட 0.4 பாகை நம்பத்தக்கதே.

சுவர்த்தடிமனையும் பாருங்கள். ஏ269 தரநிலையில் உங்கள் அளவிலான டியூபுக்குச் சுவர்த்தடிமன் பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். 1.65 என்று வாங்கியது 1.5 ஆக வந்தால், வளைக்கும்போது டியூபுக்குள் நிற்கும் அதே மேன்ட்ரலுக்கும் டியூபின் உட்சுவருக்கும் இடையிலான இடைவெளி கூடும். அப்போது பிடிமானமும் ஸ்பிரிங்பேக்கும் மாறும். சரக்கு வந்திறங்கும்போதே டெலிவரி ஆர்டரோடு ஹீட் நம்பரையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஹீட்டையும் தனி ரேக்கில் வையுங்கள். வண்டியில் இருந்து இறக்கிய கையோடு ஒன்றாகக் கலந்து அடுக்கிவிட்ட ரேக்கிலிருந்து சீரான கோணத்தை எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது.

---

பழையபெண்டர்

உலோகக்கிடங்கு எழுதியதோடு சேர்த்து ஒரு கணக்கு. ஒவ்வொரு புதிய ஹீட்டுக்கும் இரண்டு புள்ளிச் சோதனை செய்யுங்கள். பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பலகைகளில் இதற்குத் தனித் திரை உண்டு. 20 பாகை கட்டளையிட்டு ஒரு வளைவு, 120 பாகை கட்டளையிட்டு ஒரு வளைவு. எடுத்துக்காட்டாக 20 க்கு 18.9 உம், 120 க்கு 117.3 உம் கிடைத்தன என்று கொள்வோம். மீண்டு வந்தது முதலாவதில் 1.1, இரண்டாவதில் 2.7. நூறு பாகைக்கு 1.6 கூடியிருப்பதால் விகிதப் பங்கு ஒவ்வொரு பாகைக்கும் 0.016, எந்தக் கோணத்திலும் மாறாமல் நிற்கும் பங்கு 0.78. அப்படியானால் 90 பாகை வேண்டுமென்றால் 92.26 கட்டளையிட வேண்டும். 30 பாகை வேண்டுமென்றால் 31.28.

90 பாகை வளைவில் மட்டும் சோதித்துவிட்டு, மீண்டு வந்த 2.26 ஐ விகிதப்படி பிரித்து 30 பாகைக்கு 0.75 என்று போடுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் 30 பாகை வளைவு 29.48 ஆக வரும். டியூபும் இயந்திரமும் குறையின்றி இருந்தாலும் துண்டு கழிவுக்குப் போகும். மாறாத பங்கு என்பது கிளாம்ப்பிலும் கையிலும் உள்ள நெகிழ்வையும் உள்ளடக்கியது என்பதால், டை மாற்றினால் இதையும் மீண்டும் எடுக்க வேண்டும்.

---

கருவியறை

மூன்றாவது வளைவுக்கு வருவோம். துவாஸ்வாசி, கிளாம்ப் டையின் நீளம் என்ன?

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் 38 மிமீதான் என்றால், கிளாம்ப் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். வழக்கமாக வெளிவிட்டத்தைப் போல இரண்டு மடங்காவது, முடிந்தால் மூன்று மடங்கு, பிடிநீளம் வைப்போம். உங்களுக்கு அது 50 இலிருந்து 75 மிமீ. உங்களிடம் இருப்பது 36 மிமீ அளவில் வெட்டிய கிளாம்ப் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு வளைவுகளும் அதே கிளாம்ப்பில்தான் வளைகின்றன, ஆனால் அவை நன்றாக வருகின்றனவே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது என்பது என் ஐயம்: வைப்பர் டைக்கு (வளைவின் உட்புறத்தில் சுருக்கம் விழாமல் தடுக்கும் டை) என்ன மசகு போடுகிறீர்கள், எங்கே போடுகிறீர்கள்?

இரண்டாவது வளைவு நடக்கும்போது டியூபின் எந்தப் பகுதி வைப்பர் டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தொடுபுள்ளிக்கு உடனே பின்னால் இருக்கும் பகுதி. டியூபைப் பின்னாலிருந்து நகர்த்தும் கேரேஜ் 38 மிமீ முன்னே தள்ளியதும் அந்தப் பகுதியையே மூன்றாவது வளைவுக்கு கிளாம்ப் பிடிக்கிறது. அதாவது மசகு பூசிய டியூபை, மசகே படக்கூடாத ஒரே டையால், தேவையில் பாதி நீளத்தில் பிடிக்கிறீர்கள். முதல் வளைவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் நீண்ட நேர்ப்பகுதி இருந்தால், இரண்டாவது வளைவின் கிளாம்ப் வைப்பர் தொடாத உலர்ந்த இடத்தில் பிடிக்கும். அதனால் அது நன்றாக வரும்.

இதைச் சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். மூன்றாவது வளைவுக்கு கிளாம்ப் மூடியதும் இயந்திரத்தை நிறுத்தி, பாதுகாப்பு நடைமுறைப்படி கை நகராதபடி செய்த பிறகு, கிளாம்ப்பின் முன்விளிம்பை ஒட்டி டியூபின் மேல் ஒரு கோடு போடுங்கள். வளைத்து முடித்துத் திறப்பதற்கு முன் பாருங்கள். கிளாம்ப்பின் விளிம்பு கோட்டைத் தாண்டி முன்னே போயிருந்தால் டியூப் வழுக்குகிறது.

ஒரு விளக்கம் தேவை. வழுக்கினால் கோணம் நேரடியாகக் குறைந்துவிடாது. கை சுழன்ற அளவு சுழன்றுதான் இருக்கும். முதலில் கெடுவது நீளம்: வழுக்கிய தூரம் அளவுக்கு, நேராக இருக்க வேண்டிய டியூப் வளைவுக்குள் இழுபட்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான நேர்ப்பகுதி குறுகும். அதோடு டியூபின் இழுவிசை தளர்வதால் ஸ்பிரிங்பேக் கூடும். குறுகிய கிளாம்ப்புக்குள் டியூப் சற்றே சாய்ந்தும் நிற்கும். இந்த இரண்டும் கோணத்தைக் குறைக்கும் திசையிலேயே வேலை செய்கின்றன. ஆகவே உங்கள் கையளவை இயந்திரப் பதிவுகளில் கோணம் குறைந்த துண்டுகளையும், அந்த 38 மிமீ குறைந்த துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே துண்டுகள் என்றால் வழக்கு முடிந்தது.

---

துவாஸ்வாசி

கிளாம்ப் 36 மிமீதான். முதல் வளைவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் 220 மிமீ.

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தோம். கோணம் 89.3 க்குக் கீழே வந்த துண்டுகளில் எல்லாம் அந்த நேர்ப்பகுதி 37.4 அல்லது அதற்கும் குறைவு. கோணம் 90 ஐ ஒட்டி வந்தவற்றில் 37.9 இலிருந்து 38.1 வரை. நீளத்துக்கான வரம்பு கூட்டியோ குறைத்தோ 1 மிமீ என்பதால், தர ஆய்வில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. அது வரம்புக்குள் இருந்தது.

மார்க்கர் கோட்டையும் போட்டுப் பார்த்தோம். கிளாம்ப்பின் விளிம்பு கோட்டின் மேலேயே ஏறி அதை இழுத்துத் தேய்த்திருந்தது. கிளாம்ப்பின் உட்பள்ளத்தை விரலால் தொட்டால் பச்சை நிற மசகு ஒட்டியது. பள்ளத்தின் அடியில், டியூப் ஓடும் திசையிலேயே, பளபளப்பான கோடுகள் இருந்தன. இரவு ஷிஃப்டில் உள்ள ஓர் ஆபரேட்டர், யாரும் சொல்லாமலே, இரண்டாவது வளைவு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி அந்த இடத்தைத் துணியால் துடைப்பாராம். அவர் வளைத்த துண்டுகள் சீராக இருந்ததற்கு அவருடைய கை ராசிதான் காரணம் என்று மற்றவர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிளாம்ப்பின் அழுத்தத்தைக் கூட்டிவிடலாமா?

---

கருவியறை

கூட்ட வேண்டாம். 1.65 மிமீ சுவரை 36 மிமீ நீளத்தில் இன்னும் நெருக்கினால் டியூப் நீள்வட்டமாகும், கிளாம்ப்பின் விளிம்பு பதியும். பல் வெட்டிய கிளாம்ப்பும் கார்பைடு துகள் பூசிய கிளாம்ப்பும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 316 எல் கேட்கிற வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் தடம் இருப்பதை ஏற்கமாட்டார்கள், அந்தத் தடத்தில் அரிப்பும் தொடங்கும். உங்கள் வரைபடத்தில் மேற்பரப்பு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடியைக் கூட்டுவதற்கு முன் இழுவையைக் குறைக்கப் பாருங்கள். வைப்பர் டை தேவைக்கு மேல் முன்னே தள்ளி அமைக்கப்பட்டிருக்கிறதா, பிரஷர் டை டியூபோடு சேர்ந்து நகர்கிறதா அல்லது பின்தங்கி உரசுகிறதா, மேன்ட்ரலுக்கு உட்புறம் மசகு போதுமா என்று மூன்றையும் சோதியுங்கள். வைப்பரின் மசகைத் தூரிகையால் அள்ளிப் பூசாமல், அளவோடு சொட்டும்படி செய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

---

பழையபெண்டர்

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் துண்டை எதிர்முனையிலிருந்து வளைக்க முடியுமா என்று பாருங்கள். வரிசையைத் திருப்பினால் கடைசி 90 பாகை வளைவு முதலாவதாகும். அப்போது கிளாம்ப் 640 மிமீ நீளமுள்ள காலை உலர்ந்த நிலையில் பிடிக்கும். 38 மிமீ பகுதியைப் பிடித்து வளைக்க வேண்டிய சுமை 30 பாகை வளைவின் மேல் விழும். 90 பாகை வளைவில் டியூப் டையைச் சுற்றி இழுபடும் தூரம் மையக்கோட்டில் 80 மிமீ. 30 பாகையில் 27 மிமீதான். வழுக்குவதற்கான நேரமும் தூரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகின்றன. அந்த ஒரு வளைவுக்கு முன்னால் மட்டும் துடைத்துக்கொள்ளலாம்.

வரிசையைத் திருப்பும்போது தளச் சுழற்சியின் (அடுத்த வளைவுக்காக டியூபைத் தன் அச்சில் திருப்பும் கோணத்தின்) கூட்டல், கழித்தல் குறியையும் மாற்ற வேண்டும் என்று சிலர் நினைத்துக் கையால் மாற்றிவிடுவார்கள். மாற்றக்கூடாது, இரண்டு வளைவுத் தளங்களுக்கு இடையிலான முறுக்கு எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதே திசையில்தான் இருக்கும். குறியை மாற்றினால் கண்ணாடிப் பிம்பமான துண்டு கிடைக்கும். கட்டுப்பாட்டுப் பலகையில் திருப்பும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு மெதுவான வேகத்தில், டியூப் சுழலும் வட்டத்துக்கு வெளியே நின்று, முழுச் சுழற்சியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 640 மிமீ கால் இப்போது முன்னால் தொங்கியபடி வீசப்படும், தரையிலோ இயந்திரத்தின் உடலிலோ மோதலாம்.

---

ஜூகூன்காரன்

சூட்டைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் இயந்திரம் முழுவதும் ஹைட்ராலிக், வளைக்கும் கை சங்கிலியில் ஓடுவது. எங்களுக்கு எல்லா வளைவுகளும் சேர்ந்துதான் நகர்கின்றன. சில நாள்களில் கூடும், சில நாள்களில் குறையும். நாங்கள் எதைப் பார்ப்பது?

---

பழையபெண்டர்

தம்பி, உங்கள் நோய் வேறு. முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தையும் இறக்கிவிட்டு, வளைக்கும் கையை இரு திசையிலும் தள்ளிப் பாருங்கள். டயல் இண்டிகேட்டரைக் கையின் நுனியில் வைத்தால் சங்கிலியின் தளர்வு எவ்வளவு என்று தெரியும். சுழல் மையத்திலிருந்து 500 மிமீ தொலைவில் 0.9 மிமீ ஆட்டம் என்பது 0.1 பாகை. பிறகு கோணத்தைப் படித்துத் திரைக்கு அனுப்பும் என்கோடரின் இணைப்புத் திருகையும், வளைவு டையை அச்சோடு பிணைக்கும் சாவியையும் பாருங்கள். என்கோடர் சங்கிலியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது முக்கியம். அது கையின் அச்சில் இல்லாமல் சிலிண்டர் பக்கத்தில் இருந்தால், திரையில் 92.3 என்று சரியாகக் காட்டிக்கொண்டே கை வேறோர் இடத்தில் நிற்கும். உங்களுக்குத் தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

---

துவாஸ்வாசி

வரிசையைத் திருப்பி ஓட்டிப் பார்த்தோம். 640 மிமீ கால் எங்கும் மோதவில்லை. டியூபின் பின்முனையைக் கோலெட் பிடிக்கும் பக்கம்தான் இடைஞ்சல் வந்தது: இப்போது பின்முனையாகிவிட்ட முதல் காலின் நீளம் 150 மிமீ, ஆனால் கோலெட்டும் பிரஷர் டையும் மோதாமல் இருக்க எங்கள் இயந்திரத்துக்கு 210 மிமீ வேண்டும். ஆகவே ஒவ்வொரு டியூபையும் 60 மிமீ கூடுதலாக வெட்டி, வளைத்த பிறகு அந்த மிச்சத்தை அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

கோணங்கள் நின்றுவிட்டன. 90 பாகை வளைவுகள் இரண்டும் 0.2 பாகைக்குள்ளும், 30 பாகை வளைவு துடைத்த பிறகு 0.25 பாகைக்குள்ளும் வருகின்றன. ஹீட் மாறும்போது இரண்டு புள்ளிச் சோதனை எடுத்து அந்த ஹீட் நம்பரிலேயே அட்டவணையைச் சேமிக்கிறோம். ஸ்பிரிங்பேக் திரைக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று. ஆனால் துண்டுக்கு 60 மிமீ டியூபும் கூடுதல் அறுப்பு வேலையும் வீணாகின்றன என்று வாங்கும் பிரிவில் கேட்கிறார்கள்.

---

அளவுமேசை

இதுவரை கழிவுக்குப் போன துண்டுகளின் முழு நீளத்தையும், வெல்டர்கள் இழுத்துப் பிடித்துச் சேர்த்த நேரத்தையும் ஒரு பக்கம் எழுதி, 60 மிமீ துண்டுகளை மறுபக்கம் எழுதி அவர்களிடம் கொடுங்கள். அறுப்பதையும் கவனியுங்கள்: முதல் காலின் நீளம் இனி அறுக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதால், அதன் வரம்பை வளைப்புத் தாளிலிருந்து எடுத்து அறுப்புத் தாளில் சேர்க்க வேண்டும்.

---

கருவியறை

60 மிமீயை மிச்சப்படுத்த விரும்பினால் இன்னொரு வழியும் உண்டு. பழைய வரிசையிலேயே, இரண்டாவது வளைவின் வடிவத்தையும் உள்ளடக்கிக் குடைந்த கிளாம்ப்பைச் செய்யச் சொல்லலாம். அது 38 மிமீ நேர்ப்பகுதியோடு 30 பாகை வளைவையும் சேர்த்துப் பிடிக்கும், வழுக்க இடமே இருக்காது. ஆனால் அந்தக் கிளாம்ப் இந்த ஒரு துண்டுக்கு மட்டுமே பயன்படும். முதல் இரண்டு வளைவுகளுக்கு நேரான கிளாம்ப் வேண்டும் என்பதால், இரண்டு அடுக்கு டை போடக்கூடிய இயந்திரமாகவும் இருக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் டை அடுக்கு ஒன்றுதான் என்றால், அறுப்பதே மலிவு.

---

துவாஸ்வாசி

ஒரே அடுக்குதான் ஐயா. இந்த ஆர்டர் முடியும் வரை 60 மிமீ கூட்டியே வெட்டுகிறோம். வெட்டும் பட்டியலை இன்று மாற்றிவிட்டேன்.